ஒன்றரைச் சாண் இடப்பக்கம்

என் வீட்டுக்காரர் துப்பாக்கியைக் கீழே போட்டதை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை. எங்களுக்கு வந்த வினை மொத்தமும் இந்த இரண்டு வாக்கியத்துக்குள் அடங்கிவிடும். ஆனாலும் முழுதாகச் சொன்னால்தான் எனக்கு மனம் ஆறும்.

நாங்கள் இருவரும் நகராட்சியின் கால்நடைப் பிரிவில் வேலை பார்க்கிறோம். வெறி பிடித்த நாய் என்று யாராவது போன் செய்தால் போவது எங்கள் வண்டிதான். அவர் சுருக்குக் கம்பு பிடிப்பார். ஆள் உயரத்துக்கு அலுமினியக் கம்பு, நுனியில் கம்பிச் சுருக்கு. அதை நாயின் கழுத்தில் மாட்டி இறுக்கிவிட்டால் அந்தக் கோடியில் நாய், இந்தக் கோடியில் மனிதன். கம்புக்குச் சிக்காத நாய் என்றால் துப்பாக்கி. அது என் பாடு. அவருக்குச் சுடத் தெரியாது என்றில்லை, என்னைவிட நன்றாகவே சுடுவார். ஆனால் சுட்டுவிட்டு இரண்டு நாள் சோறு தின்னமாட்டார், வீட்டில் எழவு விழுந்ததுபோல உட்கார்ந்திருப்பார். அந்த மூஞ்சியைப் பார்ப்பதற்கு நானே சுட்டுத் தொலைக்கலாம் என்று அந்த வேலையை வாங்கிக்கொண்டேன்.

பிரிவுக்கு இருப்பது ஒரே துப்பாக்கி. பாயின்ட் டூ டூ என்கிற சின்ன ரகம். தோட்டா சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது, சத்தமும் குறைவு, ஆள் நடமாட்டம் உள்ள இடத்துக்கு அதுதான் தோது. சின்னத் தோட்டா என்பதால் சரியான இடத்தில் பட வேண்டும். வேறெங்காவது பட்டால் நாய் சாகாது, வெறி மட்டும் கூடும். அதற்காகத்தான் துப்பாக்கியின் மேல் ஸ்கோப் பொருத்தியிருக்கிறது. உள்ளே பார்த்தால் தூரத்தில் இருப்பது பக்கத்தில் தெரியும், நடுவில் மெல்லிசாக ஒரு கூட்டல் குறி. கூட்டல் எங்கே நிற்கிறதோ அங்கே தோட்டா விழ வேண்டும். விழாவிட்டால் அது ஸ்கோப் இல்லை, வெறும் குழாய்.

அன்று சாயங்காலம் நான் பின்கட்டில் கையுறைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக வண்டி தெரிந்தது. அவர் துப்பாக்கிப் பெட்டியை இறக்கினார். பெட்டியின் கொக்கியைச் சரியாக மாட்டவில்லை போலிருக்கிறது, மூடி திறந்து துப்பாக்கி சரிந்து சிமெண்டுத் தரையில் விழுந்தது. ஸ்கோப்தான் முதலில் பட்டது. அந்தச் சத்தம் என் பல்லுக்குள் கேட்டது. அவர் சட்டென்று குனிந்து எடுத்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், சட்டை நுனியால் துடைத்தார், காதருகே வைத்துக் குலுக்கினார். பிறகு பெட்டியில் வைத்து மூடிவிட்டு, ஒன்றுமே நடக்காதவர் மாதிரி உள்ளே வந்து, "டீ குடிக்கலாமா?" என்று கேட்டார்.

அவர் பயந்ததற்கும் காரணம் உண்டு. போன வருஷம் கூண்டுக் கதவைப் பூட்டாமல் விட்டு, பிடித்த நாய் எல்லாம் ஓடிப்போனது. இன்னொரு முறை கவனக்குறைவு என்றால் வேலை கிடையாது என்று எங்கள் மேலதிகாரி, பெரிய டாக்டர் என்போம், எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். துப்பாக்கி விழுந்தால் உடனே சொல்ல வேண்டும் என்பது பிரிவின் முதல் விதி. சொன்னால் வேலை போகும். சொல்லாமல் மென்று விழுங்கினார்.

அவர் வியாதி மறைப்பது. என் வியாதி காத்திருப்பது. ஒரு தப்பு செய்தவர் தானாக வந்து சொல்ல வேண்டும் என்று நினைப்பேன். கேட்கமாட்டேன். கேட்டால் என்ன, நாக்கு தேய்ந்தா போய்விடும்? ஆனால் கேட்கமாட்டேன். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, இவர் எப்போது வாயைத் திறப்பார் என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த விளையாட்டில் நான் ஜெயித்ததே இல்லை. இருந்தும் விடுவதாக இல்லை.

மறுநாள் அவர் கூண்டுகளை ஏற்றிக்கொண்டு வெளியே போயிருந்தபோது, துப்பாக்கியை எடுத்துக்கொண்டு அலுவலகத்தின் பின்னால் உள்ள மண்மேட்டுக்குப் போனேன். அங்கேதான் நாங்கள் சுட்டுப் பழகுவது. ஐம்பது மீட்டரில் காகிதத்தை ஒட்டிவைத்து, நடுப்புள்ளியில் கூட்டலை நிறுத்திச் சுட்டேன். தோட்டா காகிதத்திலேயே இல்லை. தேடிப் பார்த்தால் இடப்பக்கம் மண்ணில் துளை. மறுபடி சுட்டேன், அதே இடம். கையை வைத்து அளந்தேன். ஒன்றரைச் சாண்.

மேல் கீழ் சரியாக இருந்தது, பக்கம்தான் போயிருந்தது. ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடித்திருக்கும் வளையம் விழுந்த வேகத்தில் திரும்பியிருக்க வேண்டும். ஒன்றரைச் சாண் வலப்பக்கம் தள்ளிக் குறிவைத்துச் சுட்டுப் பார்த்தேன். புள்ளியில் போய் விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது. தப்பான துப்பாக்கிக்குத் தப்பாகக் குறிவைத்தால் சரியாக விழும் என்று எனக்கு ஒரே பெருமை.

திருகைத் திருப்பி நானே சரிசெய்திருக்கலாம். செய்யவில்லை. நான் சரிசெய்துவிட்டால் அவர் பாட்டுக்குத் தப்பித்துக்கொள்வார், கடைசிவரை வாயைத் திறக்கமாட்டார். அவராகச் சொல்லட்டும், அதுவரை சுடுவது நான்தானே, ஒன்றரைச் சாண் தள்ளிச் சுட்டுக்கொள்கிறேன் என்று பெட்டியை மூடினேன். இப்போது நினைத்தால் ஈரக்குலை நடுங்குகிறது. அப்போது கொழுப்பு.

அதற்கு அடுத்த நாள் காலையில் அவர் விடிந்ததும் விடியாததுமாகக் கிளம்பினார். வண்டி கழுவ வேண்டுமாம். நான் அலுவலகம் போய்ப் பார்த்தபோது வண்டியில் நேற்றைய சேறு அப்படியே இருந்தது. வண்டி கழுவிய லட்சணம் என்று நினைத்துக்கொண்டேன், அதற்குமேல் யோசிக்கவில்லை. அதற்குள் போன் வந்துவிட்டது.

மூடிக்கிடக்கும் அட்டைப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றில் நாய் புகுந்திருக்கிறது. வாய் தொங்குகிறது, எச்சில் ஒழுகுகிறது, நடை தள்ளாடுகிறது, மரப்பலகையைக் கடித்துக்கொண்டிருக்கிறது. சொன்ன காவலாளிக்குக் குரலே வரவில்லை.

வண்டியை நான் ஓட்டினேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையுறையின் முடிச்சைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். இரண்டு முறை என்னைத் திரும்பிப் பார்த்தார். இதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"இங்க பாரு," என்றார்.

"ம்."

"இன்னிக்குச் சுட வேண்டி வந்தா தைரியமா சுடு. துப்பாக்கியை நம்பிச் சுடு."

எனக்கு வந்த கோபத்தில் கியர் சரியாக விழவில்லை. தரையில் விழுந்த துப்பாக்கியை நம்பச் சொல்கிற வாயைப் பார். "எனக்குத் தெரியும், நீங்க கம்பை ஒழுங்காப் பிடிங்க," என்றேன். அவர் ரோட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார். சொல்ல வந்ததை நானே வாயில் அடித்து உள்ளே தள்ளிவிட்டேன் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

தொழிற்சாலையின் முற்றம் பெரியது. மூன்று பக்கம் சுவர், எங்கள் மண்மேட்டுத் தூரத்தில், ஐம்பது மீட்டருக்கு அந்தக் கோடியில் துருப்பிடித்த இரும்புக் கதவு, அது வெளியே சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. நடுவில் சாமான் அடுக்கும் மரத்தட்டுகள் தலைகீழாகக் குவிந்துகிடந்தன. நாய் அதற்குள் எங்கேயோ இருந்தது. மூச்சிரைப்பு மட்டும் கேட்டது, தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்ட மாதிரி.

காவலாளி எங்களைக் கட்டடத்துக்குள் விட்டுவிட்டுத் தன் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். "எனக்குச் சம்பளம் திருடனுக்குத்தான், நாய்க்கு இல்ல," என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். மாடியில் கணக்கர் அறை இருந்தது, முற்றத்தைப் பார்த்துத் திறக்கிற ஒரே ஜன்னல் அங்கேதான். மேலிருந்து சுட்டால் தப்பிய தோட்டா தரைக்குள் போகும் என்பதால் நாங்கள் எப்போதும் உயரம் தேடுவோம். நான் மாடிக்கு ஏறினேன். அவர் கம்போடு கீழே இறங்கினார்.

படிக்கட்டில் பிரிந்தபோது அவர் வழக்கம்போல உதட்டின் மேல் விரல் வைத்துக் காட்டினார். இது எங்கள் வேலையின் விதி. கம்பு பிடித்தவரும் பேசக் கூடாது, துப்பாக்கி பிடித்தவரும் பேசக் கூடாது. வெறி பிடித்த நாய்க்குச் சத்தம் ஆகாது, சத்தம் வந்த திக்கில் பாயும். எதுவானாலும் தலையசைப்புதான்.

ஜன்னல் சட்டத்தில் துப்பாக்கியைச் சாய்த்து வைத்தேன். ஸ்கோப்பின் முன்வளையத்துத் திருகில் புதிதாகப் பளபளவென்று ஒரு கீறல். விழுந்ததில் பட்டது என்று நினைத்துக்கொண்டேன். தோட்டாவை ஏற்றி, ஒன்றரைச் சாண் வலது, ஒன்றரைச் சாண் வலது என்று பாடம் மாதிரி சொல்லிக்கொண்டேன்.

அவர் மரத்தட்டுக் குவியலைக் கம்பால் தட்டினார். நாயை வெளியே வரவைத்துவிட்டு விலகிக்கொள்வார், நான் சுடுவேன், அதுதான் திட்டம். நாய் அவர் தட்டிய பக்கமாக வரவில்லை. மறுபக்கமாகச் சுற்றிக்கொண்டு அவர் முதுகுக்கு வந்தது. சாம்பல் நிறம், பெரிய நாய், தாடை கழன்றதுபோலத் தொங்கியது. அவர் திரும்பினார். எப்படியோ சுருக்கை அதன் தலையில் மாட்டிவிட்டார். ஆனால் சுருக்கு முழுதாக இறுகவில்லை. நாய் ஓர் உதறு உதறியது. அவர் பின்னால் நடந்தார், நடந்தார், கடைசியில் ஒரு பலகையில் கால் இடறி இரும்புக் கதவில் முதுகு மோத உட்கார்ந்துவிட்டார்.



அவர் இரண்டு கையாலும் கம்பை நீட்டிப் பிடித்திருந்தார். கம்பின் மறுகோடியில் நாய். கதவுக்கு அந்தப் பக்கம் பூட்டு. எழுந்திருக்க வேண்டுமென்றால் ஒரு கையை எடுக்க வேண்டும், எடுத்தால் நாய் மேலே. நாய் தலையை ஆட்டும்போதெல்லாம் சுருக்குக் கம்பி காதுப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கியது. கீழே ஓடிப்போய்ப் பக்கத்திலிருந்து சுடலாமா என்று நினைத்தேன். படி இறங்கி, கூடத்தைக் கடந்து, கதவைத் திறந்து போவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். இங்கிருந்துதான், இப்போதுதான்.

ஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். நாயின் தலை பக்கத்தில் வந்தது. அதன்மேல் கூட்டலை நிறுத்தினேன். பிறகு ஒன்றரைச் சாண் வலப்பக்கம் நகர்த்தினேன். கூட்டல் போய் நின்ற இடத்தில் ஒரு சட்டைப் பித்தான் இருந்தது.

நான் போன வாரம் தைத்த பித்தான். நீலச் சட்டைக்கு வெள்ளை நூல் போட்டுவிட்டாயே என்று அவர் கேலி செய்தது. நான் இருந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் நாய்க்குப் பின்னால், சற்று வலப்பக்கம் அவர் நெஞ்சு. நாயைச் சுட வேண்டுமென்றால் நான் என் புருஷன் நெஞ்சில் குறிவைக்க வேண்டும்.

கண்ணை எடுத்துவிட்டேன். மறுபடி வைத்தேன். மறுபடியும் பித்தான்தான். தோட்டா இங்கே போகாது, இடப்பக்கம் போகும், மண்மேட்டில் பார்த்தாயே, அளந்தாயே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அறிவு அதை ஒத்துக்கொண்டது. கை ஒத்துக்கொள்ளவில்லை. நாய் திமிறியதில் கம்பு வளைந்தது, அவர் முழங்கை மடங்கத் தொடங்கியது. காத்திருக்க நேரமில்லை.

விரலை ட்ரிகரில் வைத்தேன். எங்கள் துப்பாக்கியின் ட்ரிகர் இரண்டு கட்டம். முதலில் லேசாக வரும், பிறகு ஓரிடத்தில் தட்டி நிற்கும், அதைத் தாண்டினால் வெடி. நான் அந்தத் தட்டும் இடம்வரை இழுத்துவிட்டேன்.

அப்போது அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஸ்கோப்புக்குள் அவர் முகம் எதிர்வீட்டுத் தூரத்தில் இருந்தது. முதலில் அதில் ஒரு நிம்மதி, இவள் சுட்டுவிடுவாள் என்கிற நிம்மதி. பிறகு கண் சுருங்கியது. குழலின் வாய் நாயைப் பார்க்கவில்லை, தன்னைப் பார்க்கிறது என்பது அவருக்குப் புரிந்தது. அவரும் சுடுகிறவர்தானே. நான் ஏன் தள்ளிக் குறிவைக்கிறேன் என்பதும் அடுத்த கணம் புரிந்துவிட்டது. அப்படி ஒரு பயத்தை நான் யார் முகத்திலும் பார்த்ததில்லை. நாயைப் பார்த்து வராத பயம் என்னைப் பார்த்து வந்தது.

அவர் வாயைத் திறந்தார். கம்பு பிடித்தவர் பேசக் கூடாது என்று எத்தனையோ புது ஆட்களுக்கு வகுப்பெடுத்தவர், அந்த முற்றம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"ஸ்கோப்பைச் சரி பண்ணிட்டேன். நேரா அடி."

சரி பண்ணிட்டேன். எங்கள் வீட்டுக் குழாயையும் அவர் சரி பண்ணினார், அது இன்றைக்கும் ஒழுகுகிறது. மின்விசிறியைச் சரி பண்ணினார், அது சுற்றும்போது சுவர்க்கடிகாரம் ஆடும். இஸ்திரிப்பெட்டியைச் சரி பண்ணியதில் பக்கத்து வீட்டிலும் விளக்கு அணைந்தது. இந்த இரண்டு வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டு நான் ஒருநாளும் நம்பியதில்லை. நானே என் கையால் சுட்டு அளந்த ஒன்றரைச் சாணை நம்புவதா, இவர் சொல்லும் வார்த்தையை நம்புவதா? நம்பி நேராகச் சுட்டு, அவர் சரி பண்ணிய லட்சணம் இப்போதும் அப்படித்தான் என்றால் தோட்டா நாய்க்கு இடப்பக்கம் வெறும் தரையில் போகும், அதற்குள் நாய் அவர் கழுத்தில் இருக்கும். நம்பாமல் சுட்டு, அவர் சொன்னது உண்மை என்றால்?

யோசித்ததாகச் சொல்கிறேனே தவிர, யோசிக்க அங்கே நேரமில்லை. சத்தத்தில் நாய் எம்பியது. கை தானாக நகர்ந்தது. பித்தானிலிருந்து நாயை நோக்கி வந்தது, பாதி தூரத்தில் நின்றது, அங்கேயே வெடித்தது.

இரும்புக் கதவு டங்கென்றது. துரு பொடியாகப் பறந்தது. கூட்டல் எங்கே நின்றதோ அதே இடத்தில், மயிரிழை பிசகாமல், கதவில் துளை விழுந்திருந்தது. அவர் சொன்னது உண்மை. இந்த ஒருமுறை, ஒரே ஒருமுறை, அவர் நிஜமாகவே சரி பண்ணியிருந்தார்.

அவர் அசையவில்லை. நான் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். காலி உறையைத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றுவது ஆயிரம் தடவை செய்த வேலை, அன்று விரல்கள் யாருடையதோ மாதிரி தடவின. அதற்குள் சுருக்கு நாயின் காதைத் தாண்டிக் கழன்றுவிட்டது. நாய் அவர் மேல் ஏறியது. அவர் கம்பை எறிந்துவிட்டுக் கையுறை போட்ட கையை அதன் வாய்க்குள் திணித்தார். உயிரோடுதான் இருக்கிறார். கூட்டலை நாயின் தலையில் வைத்தேன். தலைக்குப் பின்னால் அவர் தோள் இருந்தது, வயிறு இருந்தது, எல்லாம் இருந்தது. நேராகக் குறிவைத்து, நேராகச் சுட்டேன்.

நாய் அவர் மடியில் விழுந்து அடங்கியது.

படி இறங்கி ஓடியது எனக்கு நினைவில்லை. நான் போனபோது அவர் நாயைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தார். முகம் பேயறைந்ததுபோல இருந்தது. கையுறை கிழிந்து மணிக்கட்டில் ஒரு பல் தடம், சின்னதுதான், ரத்தம் கசிந்தது. அவரை இழுத்துக்கொண்டுபோய்க் குழாயடியில் உட்கார வைத்து, சோப்புப் போட்டுக் கழுவினேன், கழுவிக்கொண்டே இருந்தேன். எங்களுக்கு முன்கூட்டியே தடுப்பூசி போட்டிருக்கிறது, ஆனாலும் கடிபட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் மறுபடி போட வேண்டும். காவலாளி கதவைக் கொஞ்சமாகத் திறந்து, "செத்துடுச்சா?" என்று கேட்டார். எதைக் கேட்கிறார் என்று புரியாமல் நான் அவரைப் பார்த்த பார்வையில் கதவை மறுபடி சாத்திக்கொண்டார்.

நாயை மூட்டை கட்டி வண்டியில் ஏற்றிவிட்டுக் கிளம்பினோம். நான் ஓட்டினேன். அவர் கையில் துணி சுற்றியிருந்தது. அவர் வலது கையைத் தூக்கி, அக்குள் பக்கத்துச் சட்டையைப் பார்த்தார். தொளதொளவென்று தொங்கும் துணியில் ஒரு துளை, பின்பக்கம் இன்னொரு துளை. அதில் சுண்டுவிரலை விட்டு எடுத்தார்.

"விழுந்ததை நீ பாத்தியா?" என்றார்.

"பாத்தேன். சுட்டும் பாத்தேன். ஒன்றரைச் சாண் இடது பக்கம் போச்சு."

"நானும் இன்னிக்குக் காலைல அதைத்தான் பாத்தேன். வளையத்தை இறுக்கிட்டு, சுட்டுச் சுட்டுத் திருப்பி வெச்சேன்."

"வண்டி கழுவப் போறேன்னீங்க."

"ஆமா."

"சொல்லியிருக்கலாமில்ல?"

"நீ கேட்டிருக்கலாமில்ல?"

ரோட்டில் ஒரு லாரி முன்னால் போய்க்கொண்டிருந்தது, அதை முந்தவும் எனக்குத் தெம்பில்லை.

"நான் கத்தினப்புறமும் ஏன் அங்க சுட்ட?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார், அதுதான் தாங்கவில்லை.

"பாதி நம்பினேன்."

அவர் சட்டைத் துளையை மறுபடி பார்த்தார். பாதி எவ்வளவு என்று அதில் தெளிவாகவே இருந்தது.

"நான் கத்தறதுக்கு முன்னாடி," என்று மெதுவாக ஆரம்பித்தார், "ட்ரிகர்ல விரல் வெச்சிருந்தியா?"

இல்லை என்று சொல்ல வாய் தயாராகிவிட்டது. இல்லைங்க, விரலே வைக்கல, சும்மா குறி பாத்தேன். சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார், அல்லது நம்பியதாகக் காட்டிக்கொண்டிருப்பார், இரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பார். நான்தான் தூங்கியிருக்கமாட்டேன். இத்தனை வருஷம் அவர் மறைக்கும்போதெல்லாம் இப்படித்தான் இருந்திருக்கும்போல என்று அப்போதுதான் தோன்றியது. இவ்வளவு சுலபமா இது, இவ்வளவு பயமா?

"வெச்சிருந்தேன்," என்றேன். "முதல் கட்டம் முழுசா இழுத்துட்டேன். தட்டி நிக்கற இடத்துல இருந்தேன். நீங்க இன்னும் ஒரு மூச்சு பேசாம இருந்திருந்தா சுட்டிருப்பேன். பித்தான்ல."

வண்டி ரோட்டின் ஓரத்துக்குப் போவதைப் பார்த்தேன், பிறகுதான் அதை ஓட்டுவது நான் என்று நினைவு வந்தது. பிரேக் போட்டு நிறுத்தினேன். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தால் கை ஆடியது, வைத்தால் ஸ்டியரிங் ஆடியது. அவ்வளவு நேரம் தேக்கிவைத்திருந்த அழுகை வந்தது, வாய்விட்டு அழுதேன். பின்னால் மூட்டையில் செத்த நாய், பக்கத்தில் சாகாத புருஷன், எதற்கு அழுகிறேன் என்றே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"நீ இந்தப் பக்கம் வா, நான் ஓட்டறேன்," என்றார்.

இடம் மாறி உட்கார்ந்தோம். சாவியைத் திருகப் போனார். சாவி துளையில் நுழையவில்லை, பக்கத்தில் பக்கத்தில் போய் இடித்தது. கடிபட்ட கையை விட்டுவிட்டு மற்ற கையால் முயன்றார். அந்தக் கைக்கும் துளை அகப்படவில்லை. கொஞ்ச நேரம் சாவியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் மடியில் வைத்தார்.

ஆஸ்பத்திரிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் பெரிய டாக்டருக்கு போன் போட்டேன். கம்பு பிடித்தவர் கையில் கடி, ஊசி போட வேண்டும், நாங்கள் ரோட்டில் நிற்கிறோம், வண்டி ஓட்ட ஓர் ஆளை அனுப்புங்கள் என்றேன். ஓட்டத் தெரிந்த இரண்டு பேர் உள்ளே இருக்கும்போது எதற்கு ஆள் என்று அவருக்கு விளங்கவில்லை.

"என்னம்மா, வண்டி பழுதா?" என்றார்.

என் வீட்டுக்காரர் கையை நீட்டி போனை வாங்கிக்கொண்டார். அவர் உதடு வறண்டிருந்தது, நாக்கால் தடவிக்கொண்டார். நான் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன், சொல்ல வேண்டாம் என்பதற்கா, சொல்லுங்கள் என்பதற்கா, எனக்கே தெரியாது.

"வண்டி நல்லா இருக்கு சார்," என்றார். "துப்பாக்கிதான் முந்தாநாள் என் கைலேருந்து கீழ விழுந்துடுச்சு. நான் யார்கிட்டயும் சொல்லல."